டிவியில் வீடியோ மங்கலாகத் தெரிகிறதா?

திருத்தணி மலைக்கோயிலின் 365 படிகளை இனி ஏற முடியாத என் பாட்டிக்காக, ஆடிக் கிருத்திகைக் காவடிகளை மொபைலில் 1920×1080 அளவில் படம் பிடித்து வந்தேன். லேப்டாப்பில் தெளிவாக ஓடிய வீடியோ, 4கே டிவியில் மங்கியது. "ஒருத்தர் முகமும் தெரியலையேப்பா" என்றார் பாட்டி. கேபிளை மாற்றியும் பயனில்லை.

காரணம், ஸ்கேலிங். எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்ட விண்டோஸ் தரும் வசதி இது. என் லேப்டாப்பில் 100%, டிவியில் 300% என இருந்தது. ஸ்கேலிங் அறியாத பழைய பிளேயருக்கு 3840×2160 டிவி, 1280×720 திரையாகவே தெரியும். அந்தச் சிறிய படத்தை விண்டோஸ் மூன்று மடங்கு பெரிதாக்குவதால் தெளிவு போய்விடுகிறது.

என்ன செய்யலாம்?

1. விண்டோஸ் கீயுடன் 'பி' கீயை அழுத்தி, 'எக்ஸ்டெண்ட்' தேர்ந்தெடுங்கள். 'டூப்ளிகேட்' என்றால் டிவியும் லேப்டாப்பின் அளவுக்குக் குறையலாம்.

2. டெஸ்க்டாப்பில் ரைட் கிளிக் செய்து 'டிஸ்ப்ளே செட்டிங்ஸ்' திறந்து, டிவிக்குரிய கட்டத்தைக் கிளிக் செய்யுங்கள்.

3. ரெசல்யூஷனில் 'ரெகமெண்டட்' என்றுள்ள அளவையும், ஸ்கேலில் 100% என்பதையும் தேர்ந்தெடுங்கள்.

4. பிளேயரை மூடித் திறந்து, டிவிக்கு இழுத்துச் சென்று முழுத்திரையாக்குங்கள்.

எழுத்துகள் சிறிதாகத் தெரிந்தால், வீடியோ முடிந்ததும் ஸ்கேலைப் பழையபடி வைத்துக்கொள்ளலாம்.

மறுபடி ஓடவிட்டேன். "அது நம்ம தெருப் பையன்தானே!" என்றார் பாட்டி.