மொழி தெரியாத திருப்பலி

கேள்வி: தொண்டுப் பணிக்காகப் பெரு நாட்டுக்குப் போகிறேன். ஸ்பானிய மொழி தெரியாமல் அங்கே பூசை காண்பதில் பொருள் உண்டா? (வாசகர், மைசூரு)

பதில்: உண்டு. 1933இல் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அடிக்கல் நாட்டிய உங்கள் ஊர் பிலோமினா பேராலயத்திலேயே, இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் தாய்மொழிக்கு வழிவிடும்வரை திருப்பலி லத்தீனில்தான் நடந்தது. அம்மொழி அறியாத தமிழரும் கன்னடரும் சேர்ந்தே மண்டியிட்டார்கள். அவர்கள் பக்தியை வீண் என்று யார் சொல்வது? புரிந்து வேண்டுவதே மேல் என்று புனித பவுல் கொரிந்தியருக்கு எழுதினாரே என்பீர்கள். மறையுரைக்கு அது முழுக்கப் பொருந்தும். ஆனால் திருப்பலியின் ஒழுங்கு பெரும்பாலும் எங்கும் ஒன்றே, அன்றைய வாசகங்களும் பெரும்பாலும் பொது. தமிழில் முன்பே படித்துவிட்டுப் போகலாம். தொண்டு செய்யப் போகிறவருக்கு மட்டும் இது போதாது. ஸ்ரீரங்கப்பட்டண வீழ்ச்சிக்குப் பின் மைசூர்ச் சீமைக்கு வந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, மக்களின் மொழியில் பேசித்தான் அவர்களோடு பழகினார். புறப்படுமுன்பே ஸ்பானிய மொழி படிக்கத் தொடங்குங்கள்.