சேற்றைத் தாங்கும் கட்டு

குளக்கட்டின் அடியில் கசிவு கண்டால் அதன் பொருள் நமக்குத் தெரியும். சுரங்கங்களில் வேறொரு கட்டு உண்டு. தாதுவைப் பிரித்தபின் எஞ்சும் நீர்கலந்த சேற்றை அது மறித்து நிற்கும்.

பிறேசிலில் புறுமாடின்யோ இரும்புச் சுரங்கத்துக் கட்டு 86 மீற்றர் உயரம். பழைய சேற்றின் மேலேயே அடுத்தடுத்து அணை ஏற்றியிருந்தார்கள். செலவு குறைந்த முறை. உள்ளே நீர் வடியாது நின்றால் இறுகிய சேறும் திடீரெனக் கூழாகிவிடும்.

2019 ஜனவரி 25 மதியம் அதுவே நடந்தது. தொழிலாளரின் உணவுச்சாலை கட்டுக்குக் கீழேயே இருந்தது. அபாயச் சங்கு ஊதவில்லை. 270 பேர் மாண்டனர். மரக்கறித் தோட்டங்கள் புதையுண்டன. பரோப்பெபா ஆற்றுநீரைப் பயிருக்கும் பாவிக்க வேண்டாமென அரசு அறிவித்தது.

கட்டு உறுதியானதென 2018இல் சான்றிதழ் கொடுக்கப்பட்டிருந்தது. சான்றளித்தவர்களுக்குக் கூலி கொடுத்தது சுரங்கக் கம்பனிதான்!