அடிக்கடி என்றால் எத்தனை தரம்?

எங்கள் தோட்டத்துக் கீழ்க்கணக்குப் பையன் ஒருவன் போலந்தில் இறைச்சி பொதி செய்யும் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறான். போன மாதம் ஒரு படம் அனுப்பினான். கை கழுவும் தொட்டிக்கு மேலே ஒட்டியிருந்த அறிவிப்பு அது. முதல் வரி ‘சென்ஸ்தே மிச்சே ரோங்க்’. போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்திருக்கிறான்; ‘அடிக்கடி கைகளைக் கழுவுதல்’ என்று வந்ததாம். “அண்ணே, அடிக்கடின்னா எத்தன தரம்? மணிக்கு ஒருக்காவா? கொறஞ்சா சூப்பவைசர் ஏசுவான், கூடினா வேல பிந்தும்” என்று கேட்டிருந்தான்.

நான் கொட்டகலை டவுனில் போட்டோக்கொப்பிக் கடையின் ஒரு மூலையில் உட்கார்ந்து சனங்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவன். சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளன் இல்லை. 1987இல் 13ஆவது திருத்தத்தோடு தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழியாகிவிட்டது. ஆனாலும் மருந்து எழுதுகிற டொக்டருக்கும் வாங்கில் உட்கார்ந்திருக்கிற பாட்டிக்கும் நடுவில் இன்னும் ஓர் ஆள் தேவைப்படுகிறது. இருபது வருஷமாக அந்த ஆளாகப் போய் நிற்கிறேன். இந்தக் காலத்தில் என்னை அதிகம் தடுக்கி விழுத்தியது பெரிய சட்டச் சொல் எதுவும் இல்லை. ‘அடிக்கடி’தான்.

பையனின் சொல்லை முதலில் பார்ப்போம். ‘சென்ஸ்தி’ என்பது போலிஷில் பெயரடை. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் ஒட்டி நிற்கும். வினையோடு வந்தால் ‘சென்ஸ்தோ’ ஆகிவிடும். ஆங்கிலத்திலும் அதே பிரிவினை உண்டு. பெயருக்கு ‘பிரீக்குவன்ட்’, வினைக்கு ‘ஒஃபன்’. ஆகவே அறிவிப்பில் இருந்தது ‘பிரீக்குவன்ட் ஹேண்ட் வொஷிங்’. அடிக்கடி வந்து போகிற விருந்தாளி ‘பிரீக்குவன்ட் விசிட்டர்’. திரும்பத் திரும்ப வருகிற தலைவலி ‘பிரீக்குவன்ட் ஹெடேக்ஸ்’. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் எல்லாரும் விடுகிற பிழை ஒன்றைப் பற்றிப் போலிஷ்காரர் பேசும்போதும் அதே ‘சென்ஸ்தி’யைத்தான் போடுவார். ஆங்கிலத்தில் அங்கே ‘கொமன் மிஸ்டேக்’ என்பதுதான் வாயில் வரும். ஊருக்குப் பத்துப் பேருக்கு இருக்கிற பெயரும் ‘கொமன் நேம்’தான், ‘பிரீக்குவன்ட் நேம்’ என்று யாரும் சொல்வதில்லை. ஒரே ஆளுக்குத் திரும்பத் திரும்ப நேர்வதா, பல பேரிடம் பரவலாக இருப்பதா என்று பார்த்துவிட்டே ஆங்கிலச் சொல்லை எடுக்க வேண்டும்.

தமிழில் இந்தப் பெயரடையே இல்லை. ‘அடிக்கடி தலைவலி’ என்று பேச்சில் சொல்லலாம். எழுதும்போது ‘அடிக்கடி வருகிற தலைவலி’ என்று ஒரு வினையை நடுவில் வைத்தால்தான் நிற்கும். அதனால்தான் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் எழுதும்போது ‘ஒஃபன் ஹெடேக்’ என்று எழுதிவிடுகிறார்கள். திருத்தச் சொல்லி என்னிடம் வருகிற விண்ணப்பங்களில் நான் அதிகம் சிவப்பு மை போட்டது இந்த இடத்தில்தான்.

இலக்கணப் பிழையால் ஆள் சாகமாட்டான். எனக்கு நடந்தது வேறு.

பக்கத்து லயத்து அக்கா ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நெஞ்சில் ஒரு அடைப்பு. எவ்வளவு அடிக்கடி வருகிறது என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். அக்கா, “எப்பவாச்சும் வரும் தம்பி” என்றார். நான் அதை அப்படியே ‘சில நேரங்களில்’ என்று சிங்களமாக்கிக் கொடுத்தேன். வாய்வுக்கு மாத்திரை கிடைத்தது. திரும்பி வரும்போது பஸ்ஸில் பேச்சோடு பேச்சாக, “கொழுந்துப் பையோட மேட்டு மலை ஏறையில எல்லாம் நிண்டு நிண்டுதான் ஏறுறது” என்றார். தினமும் இரண்டு தடவையாவது ஏறுகிற மலை அது! ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று கேட்டேன். “சொன்னா வார்ட்டுல போட்டுருவாங்க, பேரு போயிரும்” என்றார். எங்களுக்குப் பேர் என்பது செக்ரோலில் விழுகிற ஒரு நாள் சம்பளம். அவருடைய ‘எப்பவாச்சும்’ எத்தனை தரம் என்பதைச் சொல்லவில்லை, பயத்தைச் சொன்னது. அடுத்த கிளினிக் நாளில் ‘மலை ஏறும்போதெல்லாம்’ என்று சொல்லிக் கொடுத்தேன். டொக்டர் அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுக்கச் சொன்னார்.

அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். யாராவது அடிக்கடி, ஓயாம, எந்நேரமும், இடைக்கிடை என்று சொன்னால் உடனே மொழிபெயர்ப்பதில்லை. கடைசியாக எப்போது, அதற்கு முந்தி எப்போது என்று இரண்டு கேள்வி கேட்பேன். திகதி கேட்டால் பதில் வராது. “சம்பளத்துக்கு முந்தியா பிந்தியா? தீபாவளிக்கு அப்புறமா? சிவனொளிபாதமலை சீசன் தொடங்கின பெறகு எத்தன தரம்?” என்று கேட்டால் விரல் மடித்து எண்ணிச் சொல்லிவிடுவார்கள். எண் கிடைத்த பிறகு எந்த மொழியிலும் சொல்லலாம். சிங்களத்தில் ‘நித்தர’ என்று ஒரு சொல் இருக்கிறது. அடிக்கடிக்கும் அதுதான், விடாமல் என்பதற்கும் பல நேரம் அதுதான். அதை நம்பி ஒருவருடைய காய்ச்சலை ஒப்படைக்க முடியாது.

எண் சொன்னாலும் தமிழ் காலை வாரும். “மாத்திரைய நாளைக்கு மூணு தரம் குடிங்க” என்று ஒரு பாட்டியிடம் சொல்லிவிட்டு வந்தேன். பாட்டி அன்றைக்குச் சும்மா இருந்துவிட்டு, அடுத்த நாள் மட்டும் மூன்று தரம் குடித்து, மிச்சத்தைச் சாமிப் படத்துக்குக் கீழே பத்திரமாக வைத்திருந்தார். பாட்டி மேல் பிழை இல்லை. ‘ஒரு நாளைக்கு’ என்று சொல்லியிருக்க வேண்டும்.

இன்னொரு தடவை ஒரு தோட்டத்து ஆங்கிலக் கடிதத்தில், பிளக்கிங் ரவுண்டைக் குறுக்க வேண்டும் என்று இருந்தது. நான் ‘ரவுண்டைக் குறைக்க வேண்டும்’ என்று எழுதினேன். காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில் வாசித்ததும் ஒரே சத்தம், ரவுண்டு குறைந்தால் வேலை நாளும் குறையும் என்று. கடிதம் சொன்னதோ நேர் எதிர். பத்து நாளைக்கு ஒருக்காப் பறித்த மலையை ஏழு நாளைக்கு ஒருக்காப் பறிக்க வேண்டும் என்பது அதன் பொருள். இடைவெளி குறைந்தால் தடவை கூடும். எதைக் குறைக்கிறோம் என்று சொல்லாமல் ‘குறை’ என்று எழுதியது என் பிழை. இந்தத் ‘தடவை’க்கு நம் பள்ளிக்கூடக் கணிதப் புத்தகத்தில் ‘மீடிறன்’ என்று அழகான சொல் இருக்கிறது. ஆனால் பெரட்டுக் களத்தில் அது செல்லாது.

பையனின் சொல்லைத் தேடப் போய் நான் ரசித்த விஷயம் ஒன்று. போலிஷ் ‘சென்ஸ்தி’க்குப் பழைய பொருள் நெருக்கமானது, அடர்த்தியானது என்பதாம். கூரிய மரங்களை இடைவெளியில்லாமல் நட்ட கோட்டை வேலிக்கு இன்றும் ‘சென்ஸ்தோகுவ்’ என்றே பெயர். லத்தீனிலிருந்து வந்த ‘பிரீக்குவன்ட்’டுக்கும் கூட்டம் நிறைந்தது என்பதே பழைய பொருள். நம்முடையது அடிக்கு அடி. கால் வைக்கிற இடமெல்லாம். மூன்றுமே முதலில் இடத்தை அளந்துவிட்டுப் பிறகு நேரத்தை அளக்க வந்தவை. தேயிலைச் செடி நெருக்கமாக நிற்கிற மலையில் பிறந்தவனுக்கு இது சட்டென்று பிடிபடும். எதிர்ச்சொல் இன்னும் வேடிக்கை. ‘ஜாட்கி’ என்றால் அரிதானது. நீர்த்துப்போன சூப்பும் அங்கே ‘ஜாட்கி’தான். நம் தேத்தண்ணிக் கடைகளில் சிலவற்றுக்கு இந்தச் சொல் நன்றாகப் பொருந்தும்.

பையனுக்கு நான் அகராதி எதுவும் அனுப்பவில்லை. “எத்தன தரம்னு கேக்காத. எப்பெப்பன்னு சூப்பவைசர்கிட்ட கேளு” என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: “கையுறை மாத்துறப்ப எல்லாம் கழுவணுமாம் அண்ணே. நாளைக்கு பதினஞ்சு தரம் வருது.”

‘ஒரு’வை அவனும் விட்டுவிட்டான்.