உற்பத்தி: ஒரு சொல்லும் அதன் பொருளும்

கிராமப் பஞ்சாயத்து அலுவலகத்திற்கு வரும் சுற்றறிக்கைகளில் 'உற்பத்தி' என்னும் சொல்லைக் காணாத நாள் அரிது. பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கம், உழவர் உற்பத்தியாளர் நிறுவனம், ஜவ்வரிசி உற்பத்தியாளர்கள் சங்கம், தானிய உற்பத்தி, தொழில் உற்பத்தி, மின் உற்பத்தி என்று அச்சொல் எங்கும் வழங்குகிறது. பழகிய சொல்லாதலின் அதன் பொருளை எவரும் ஆராய்வதில்லை. ஆயினும், மேலே கூறிய சங்கங்களின் பெயர்களில் 'உற்பத்தியாளர்' எனக் குறிக்கப்படுவோர் ஒரே வகையினர் அல்லர். இவ்வேறுபாட்டை அறியாமல் ஒரு தீர்மானத்தை நிறைவேற்றினாலும், ஒரு பத்திரத்தில் கையெழுத்திட்டாலும், பயன் ஒருவருக்கும் பொறுப்பு மற்றொருவருக்குமாகப் போய்விடக் கூடும். ஆகவே, சேலம், நாமக்கல் சமவெளியில் நாம் நாள்தோறும் காணும் பொருள்களையே எடுத்துக்காட்டாகக் கொண்டு இச்சொல்லைச் சிறிது ஆராய்வோம்.

சொல் வந்த வழி

'உற்பத்தி' என்பது வடமொழிச் சொல். தோன்றுதல், பிறத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். காவிரி குடகு மலையில் உற்பத்தியாகிறது என்கிறோம். தேங்கிய நீரில் கொசு உற்பத்தியாகிறது என்று சுகாதாரத் துறையினர் எச்சரிக்கின்றனர். ஆற்றையோ கொசுவையோ எவரும் செய்வதில்லை. அவை தாமே தோன்றுகின்றன. இப்பழம் பொருளோடு, மனிதன் தன் உழைப்பால் தோற்றுவிப்பது என்னும் பொருளும் பிற்காலத்தில் சேர்ந்தது. இன்று வயலில் விளைவதும், மாட்டினிடம் கறப்பதும், ஆலையில் செய்வதும் ஆகிய மூன்றையும் இந்த ஒரே சொல் குறிக்கிறது.

தமிழில் இவற்றைப் பிரித்துக் கூறச் சொற்கள் இல்லாமல் இல்லை. நிலம் தருவது விளைபொருள். கையும் கருவியும் கொண்டு ஆக்குவது செய்பொருள். விளைச்சல் என்னும் சொல்லை எந்த உழவரும் ஆலைப் பொருளுக்குக் கூறமாட்டார்.

'ஆலை' என்னும் சொல்லின் கதையும் அறியத்தக்கது. முற்காலத்தில் அது கரும்பைப் பிழியும் எந்திரத்தையே குறித்தது. பின்னர் நெல் அரைக்குமிடம், நூல் நூற்குமிடம், இரும்பை உருக்குமிடம் எல்லாம் ஆலையாயின. எனினும் நம் பகுதியில் வெல்லம் காய்ச்சும் இடத்தை இன்றும் ஆலைக் கொட்டகை என்றே அழைக்கிறோம். அச்சொல்லின் முதற்பொருள் அங்கே இன்னும் உயிருடன் இருக்கிறது.

'கைத்தொழில்' என்றால் தமிழ்நாட்டில் பாய் முடைதல், பானை வனைதல் போன்றவையே நினைவுக்கு வரும். இலங்கைத் தமிழரிடையே பெரிய தொழிற்சாலைகளும் கைத்தொழிலே. அங்குத் தொழில் துறையைக் கவனிக்கும் அமைச்சின் பெயரிலும் கைத்தொழில் என்னும் சொல்லே உண்டு. ஆங்கிலத்தில் ஆலை உற்பத்தியைக் குறிக்கும் 'மானுபாக்சர்' என்னும் சொல்லும், 'கை', 'செய்தல்' என்னும் பொருளுடைய இரு இலத்தீன் சொற்களிலிருந்து வந்ததாகும். இயந்திரம் வந்த பின்னும் சொல் மாறவில்லை, பொருள்தான் மாறியது. ஆதலின், சொல்லைக் கொண்டு மட்டும் பொருளை முடிவு செய்தல் தகாது.

சட்டம் கூறும் இலக்கணம்

ஒரு பொருள் எப்போது புதிய பொருளாகிறது? இக்கேள்வி உச்ச நீதிமன்றம் வரை சென்றதுண்டு. கடலை எண்ணெயும் நல்லெண்ணெயும் வனஸ்பதியாக மாறும் வழியில், இடையே சுத்திகரித்த எண்ணெய் என்னும் தனிப்பொருள் உற்பத்தியாயிற்றா என்பது டெல்லி கிளாத் அண்டு ஜெனரல் மில்ஸ் வழக்கில் எழுந்த கேள்வி. 1962ஆம் ஆண்டில் தீர்ப்பு வந்தது. ஒரு பொருளைப் பக்குவம் செய்வது மட்டும் உற்பத்தியாகாது. வேறு பெயரும், வேறு தன்மையும் அல்லது பயனும் உடைய புதிய பொருள் ஒன்று தோன்றவேண்டும் என்பது அத்தீர்ப்பின் சாரம். 2017ஆம் ஆண்டின் சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டமும், தனிப்பெயர், தன்மை, பயன் ஆகியவற்றை உடைய புதிய பொருள் தோன்றுவதையே உற்பத்திக்கு இலக்கணமாகக் கூறுகிறது.

இவ்விலக்கணத்தை நம் மரவள்ளிக் கிழங்கிற்குப் பொருத்திப் பார்ப்போம். வயலில் பிடுங்கிய கிழங்கின் மண்ணைக் கழுவினாலும், தோலை உரித்தாலும் அது கிழங்கே. அதை அரைத்து, சல்லடையில் வடித்து, பாலைத் தொட்டியில் தெளியவிட்டு எடுத்தால் மாவு கிடைக்கிறது. இப்போது பெயர் வேறு. தன்மையும் பயனும் வேறு. அந்த ஈர மாவைக் குலுக்கிச் சிறு உருண்டைகளாக்கி, சூடான தட்டில் வறுத்து, களத்தில் உலர்த்தினால் ஜவ்வரிசியாகிறது. இங்கும் பெயர், தன்மை, பயன் மூன்றும் மாறிவிட்டன. கரும்பு வெல்லமாவதும் இத்தகையதே. மஞ்சளையோ வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றிய பின்னும் சந்தையில் மஞ்சள் என்றே விற்கிறோம்.

வருமான வரியில் இதனோடு ஒட்டிய நெடுநாளைய கோட்பாடு ஒன்று உண்டு. விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லத் தக்கதாக்க உழவர் வழக்கமாகச் செய்யும் பக்குவம், வேளாண்மையின் பகுதியாகவே கருதப்படும் என்பது அது. எனினும் ஒவ்வொரு சட்டத்திற்கும் தனித்தனி இலக்கணம் உண்டு. வரிக்கு ஒன்று, தொழிலாளர் நலனுக்கு ஒன்று, மின் கட்டணத்திற்கு ஒன்று என இருத்தலால், ஓரிடத்தில் பெற்ற விடையை மற்றோரிடத்தில் அப்படியே கொள்ளலாகாது.

உற்பத்தியாளர் யார்?

இனி நம் கட்டுரையின் மையமான கேள்விக்கு வருவோம். ஜவ்வரிசி என்பது முன்னாளில் மலாய் நாட்டுப் பகுதியிலிருந்து வந்த பொருள். அங்கு வளரும் ஒருவகைப் பனையின் சோற்றிலிருந்து அதைச் செய்தனர். இரண்டாம் உலகப் போரில் இறக்குமதி நின்றபோது, 1943ஆம் ஆண்டையொட்டிச் சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து அதைச் செய்யும் முயற்சி தொடங்கி வெற்றி கண்டது. நாளடைவில் ஆலைகள் பல எழுந்தன. ஆலை உரிமையாளர்கள் தம் சரக்கை இடைத்தரகரிடம் குறைந்த விலைக்கு விற்க நேர்ந்தமையால், 1981ஆம் ஆண்டில் ஒரு கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. சேகோசர்வ் என்று நாம் சுருக்கமாக அழைப்பது அதுவே. அதன் முழுப்பெயரிலும் உற்பத்தியாளர்கள் என்னும் சொல் உண்டு. அங்கே உற்பத்தியாளர் என்பவர் ஆலை உரிமையாளர். அவர்தம் சரக்கைக் கிடங்கில் வைத்து, அதன் பேரில் முன்பணம் பெற்று, ஒப்பந்தப் புள்ளி முறையில் விற்பதற்கு அச்சங்கம் வழி செய்தது.

அடுத்த தெருவிலேயே பால் உற்பத்தியாளர்கள் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. அங்கே உற்பத்தியாளர் என்பவர் மாடு வளர்ப்பவர். கிராமச் சங்கங்கள் சேர்ந்தே மாவட்ட ஒன்றியம் ஆகின்றது. பால் அங்கே நெய்யாகவும் வெண்ணெயாகவும் மாறும்போது, மாற்றுகின்ற நிலையத்திலும் மாடு வளர்ப்பவருக்கு உரிமைப் பங்கு உண்டு.

இவ்விரண்டையும் ஒப்பிட்டால் சொல்லுக்குள் மறைந்திருக்கும் வேறுபாடு விளங்கும். பாலுக்குக் கொழுப்பையும் பிற திடப்பொருளையும் அளந்து விலை கூறுகின்றனர். கிழங்கிற்கு மாவுச்சத்தின் பாயிண்டைப் பார்த்து விலை கூறுகின்றனர். இரண்டும் விரைவில் கெடும் பொருள்கள். பிடுங்கிய கிழங்கு இரண்டு மூன்று நாளைக்கு மேல் தாங்காது. ஆயினும் பால் ஊற்றுபவர் தம் சங்கத்தில் அங்கத்தினர். கிழங்கு விளைவிப்பவரோ ஆலைக்குச் சரக்குத் தருபவர் மட்டுமே. அதனால்தான் கிழங்கு விலை வீழும் ஆண்டுகளில் விவசாயிகள், ஆலை உரிமையாளர்கள், அதிகாரிகள் ஆகியோர் கூடும் முத்தரப்புக் கூட்டம் தேவைப்படுகிறது. ஆலை உரிமையாளர் தம் நலன் கருதிச் சங்கம் அமைத்தது குற்றமன்று. அது பாராட்டத்தக்க முயற்சியே. விளைவிப்பவர் அவ்வாறு அமைத்துக்கொண்டாரா என்பதே நாம் கேட்கவேண்டியது.

அதற்கும் சட்டத்தில் வழி உண்டு. 2002ஆம் ஆண்டில் கம்பெனிச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, விளைவிப்போர் பத்துப் பேர் சேர்ந்தால் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றை அமைக்கலாம். பங்கு எத்தனை இருந்தாலும் தனி அங்கத்தினர் ஒருவருக்கு ஒரு வாக்கே. இங்கே உற்பத்தியாளர் என்பவர் நிலத்தில் உழைப்பவர். ஆனால் அந்நிறுவனம் கிழங்கைத் திரட்டி விற்பதோடு நின்றால் விளைபொருள் வணிகமாகவே இருக்கும். மாவோ வற்றலோ செய்யத் தொடங்கினால் இரண்டாம் வகை உற்பத்தியிலும் இறங்கியதாகும்.

பெயர் மாறும் இடமே மதிப்பு ஏறும் இடம்

ஒரு டன் கிழங்கிலிருந்து ஏறத்தாழ 200 முதல் 250 கிலோ வரை ஜவ்வரிசி கிடைக்கும். கிழங்கின் மாவுச்சத்தையும் ஆலையின் திறனையும் பொறுத்து இது மாறும். எடை குறைந்து மதிப்பு கூடுகிறது. கிழங்கின் விலையையும், வெளியிலிருந்து வாங்கிப் பயன்படுத்தும் பிற பொருள், சேவைகளின் செலவையும் கழித்து எஞ்சுவதையே பொருளியலார் கூட்டிய மதிப்பு என்பர். நாட்டின் வருமானக் கணக்கில் கிழங்கு வேளாண்மையிலும், ஆலை கூட்டிய மதிப்பு தொழிலிலும் சேர்கின்றன. மாதந்தோறும் செய்தித்தாளில் வரும் தொழில் உற்பத்திக் குறியீடு சுரங்கம், ஆலை, மின்சாரம் முதலியவற்றைப் பற்றியது. அது உயர்ந்தது என்று படித்தவுடன் வயலின் விளைச்சலும் உயர்ந்தது என்று எண்ணலாகாது.

பெயருக்கே விலை உண்டு என்பதற்கு மற்றொரு சான்றும் கூறலாம். சேலம் ஜவ்வரிசிக்கு 2023ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. மக்காச்சோள மாவைக் கலக்கின்றனர் என்னும் முறையீடு மரவள்ளி விவசாயிகளிடமிருந்து அவ்வப்போது எழுவதை நாம் அறிவோம். கலப்படம் நேர்ந்தால் பெயர் மாறாமல் பொருள் மாறிவிடுகிறது. உண்பவர் ஏமாறுவதோடு கிழங்கின் தேவையும் குறைகிறது.

தோன்றுதல் என்னும் பழம் பொருளை இங்கு மறக்கலாகாது. ஆலையில் ஜவ்வரிசி மட்டும் தோன்றுவதில்லை. கால்நடைத் தீவனமாகும் திப்பியும் தோன்றுகிறது, கழிவுநீரும் தோன்றுகிறது. அக்கழிவுநீரை மூடிய கலத்தில் புளிக்கவிட்டு எரிவாயு எடுக்கலாம். அவ்வாறு செய்யும் ஆலைகள் உண்டு. சுத்திகரியாமல் ஓடையில் விட்டால் கிணற்று நீர் கெடும். 1974ஆம் ஆண்டின் நீர் மாசு தடுப்புச் சட்டப்படி மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு பெறுவது ஆலைக்கு இன்றியமையாதது.

பஞ்சாயத்து அங்கத்தினர் கேட்கவேண்டியவை

உற்பத்தி என்னும் சொல் ஒரு திட்டத்திலோ விண்ணப்பத்திலோ வரும்போது நான்கு கேள்விகளைக் கேட்டல் நலம்.

முதலாவது: இங்கே உற்பத்தி என்பது விளைவிப்பதா, பக்குவம் செய்வதா, புதிய பொருளைச் செய்வதா? தீர்மானப் புத்தகத்தில் இம்மூன்றில் உரிய சொல்லையே எழுதுக.

இரண்டாவது: உற்பத்தியாளர் எனப்படுபவர் யார்? அங்கத்தினராகும் உரிமையும் வாக்கும் யாருக்கு என்பதைத் துணைவிதிகளில் படித்தறிக. பெயர்ப்பலகை போதாது.

மூன்றாவது: நம் ஊர்ப் பொருளின் பெயர் எங்கே மாறுகிறது? ஊர் எல்லைக்குள் மாறினால் வேலையும் கூலியும் இங்கே தங்கும். வெளியே மாறினால் மூட்டை மட்டுமே லாரி ஏறும்.

நான்காவது: விற்கும் பொருளோடு வேறு எவை தோன்றுகின்றன? அவற்றை யார் ஏற்பர், எங்கே விடுவர் என்பதை இசைவு தருமுன் எழுத்தில் பெறுக.

சிறு அளவில் பொருள் செய்ய முனைவோர் உத்யம் பதிவு செய்துகொள்வது பயன்தரும். 2025 ஏப்ரல் முதல், இயந்திர முதலீடு இரண்டரைக் கோடி ரூபாய்க்கும், ஆண்டு விற்றுமுதல் பத்துக் கோடி ரூபாய்க்கும் மேற்படாத தொழில் குறுந்தொழில் எனப்படும். கிராமத்தில் தொடங்கும் மாவு அரவை, வற்றல், வெல்லத் தொழில்கள் பெரும்பாலும் இவ்வரம்பிற்குள் அடங்கும்.

விளைவிப்பவரும் உற்பத்தியாளரே, செய்பவரும் உற்பத்தியாளரே. இருவருக்கும் ஒரே சொல் வழங்குவதால் இருவருக்கும் ஒரே பயன் கிடைத்துவிட்டதென நினைத்தல் ஆகாது. அடுத்த கிராம சபைக் கூட்டத்தில் இந்நான்கு கேள்விகளையும் படித்து, நம் ஊரில் விளையும் ஒவ்வொரு பொருளையும் இவற்றால் சோதித்துப் பார்ப்பது பஞ்சாயத்தார் செய்யத்தக்க நற்பணியாகும்.