போயிட்டு வாரேன்

பன்விலயிலிருந்து கண்டிக்குப் போகும் முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரம். லயத்து இஸ்தோப்பில் பெட்டியைத் தூக்கிக்கொண்டே "போறேன்மா" என்று சொல்லிவிட்டேன். அம்மாவின் முகம் மாறிப்போனது. "அப்படிச் சொல்லக்கூடாது. போயிட்டு வாரேன்னு சொல்லு" என்றார். பெட்டியை வைத்துவிட்டு உள்ளே போய், சாமி படத்துக்கு முன்னால் நின்று கும்பிட்டு, மறுபடி வெளியே வந்து சரியாகச் சொன்னேன். அது 2022ஆம் ஆண்டின் கடைசி மாதம். எண்ணெய் வரிசையும் மின்வெட்டும் வீட்டை வாட்டியெடுத்த வருடம். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் பலர் கொரிய மொழி, ஜப்பானிய மொழி என்று வகுப்புத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். நான் முதியோர் பராமரிப்பு வேலைக்கான பரீட்சைகளில் தேறி, ஜப்பானின் ஷிஸுவோகா மாகாணத்துக்குப் புறப்பட்டேன்.

விடுதியில் முதல் நாள் காலை. வியட்நாமைச் சேர்ந்த அறைத் தோழி காலைமுறை வேலைக்குக் கிளம்பினாள். கதவருகே நின்று, உள்ளே இருந்த எல்லோருக்கும் கேட்கும்படி "இத்தெகிமஸ்" என்றாள். 'வீட்டை விட்டு வெளியே போகும்போது சொல்வது' என்று வகுப்பில் மனப்பாடம் செய்த சொல்தான். அன்றைக்குத்தான் அதைப் பிரித்துப் பார்த்தேன். 'இத்தெ' என்றால் போய். 'கிமஸ்' என்றால் வருகிறேன். நாலு நாளைக்கு முன்னால் அம்மா திருத்திச் சொல்லவைத்த அதே வார்த்தை.

ஜப்பானுக்குப் போகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்: ஜப்பானிய மொழியை ஆங்கிலத்தின் வழியாகப் படிக்காதீர்கள். தமிழில் வைத்துப் படியுங்கள். வினைச்சொல் கடைசியில் வருவது நமக்குப் புதிதில்லை. வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் புதிதில்லை. 'தாபெதெ மிரு' என்பதைப் புரிந்துகொள்ள என்னோடு படித்த சிலர் ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள். தாபெதெ, சாப்பிட்டு. மிரு, பார். சாப்பிட்டுப் பார்! 'கத்தெ ஒகு' என்றால் வாங்கி வை. நாம் பிறந்ததிலிருந்து பேசுகிற அமைப்பு இது. ஆங்கிலத்தில் இதை விளக்கப் போனால்தான் ஒரு பக்கம் எழுத வேண்டும்.

இன்னொன்று. கொகொ, சொகொ, அசொகொ, தொகொ என்று நாலு சொல். கொகொ இங்கே, அசொகொ அங்கே, தொகொ எங்கே. நடுவில் இருக்கும் சொகொ, கேட்பவருக்குப் பக்கத்தில் இருக்கிற இடம். மலையகத்துப் பேச்சில் அதற்குத் தனிச் சொல் இல்லை. யாழ்ப்பாணத்துக்காரர்களைக் கேளுங்கள், 'உங்கே' என்பார்கள். இது, உது, அது, எது. அப்படியே பொருந்துகிறது.

இந்த ஒற்றுமைகளைப் பார்த்து ஸுஸுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர், தமிழுக்கும் ஜப்பானிய மொழிக்கும் உறவு உண்டு என்று பல வருடம் ஆராய்ந்தார். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் அ. சண்முகதாஸும் அவர் துணைவியார் மனோன்மணி சண்முகதாஸும் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். நம் பொங்கலையும், ஜனவரி 15ஆம் தேதியை ஒட்டி அங்கே கொண்டாடும் சிறுபுத்தாண்டுச் சடங்குகளையும் ஓனோ ஒப்பிட்டுப் பார்த்தார். மொழியியலாளர்கள் பெரும்பாலோர் அவருடைய முடிவை ஏற்கவில்லை. இரண்டு மொழிக்கும் உறவு இருக்கிறதோ இல்லையோ, பரீட்சைக்குப் படிக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு இந்த ஒற்றுமை பெரிய கைப்பிடி.

ஜப்பானியர் அமைதியானவர்கள் என்று சொல்லித்தான் எங்களை அனுப்பினார்கள். ரயிலில் அது உண்மை. யாரும் போனில் பேசமாட்டார்கள், மணிச்சத்தம்கூடக் கேட்காது. ஆனால் வீட்டிலும் வேலையிடத்திலும் அவர்கள் ஒவ்வொரு வாசலிலும் ஒரு வார்த்தை சொல்கிறார்கள். புறப்படும்போது இத்தெகிமஸ், திரும்பியதும் ததாய்மா. சாப்பிடுவதற்கு முன் கைகூப்பி இத்தாதாகிமஸ், முடித்ததும் கோச்சிஸோசாமா. மற்றவர்களுக்கு முன்னால் வேலை முடிந்து கிளம்பினால் 'முதலில் போகிறேன், மன்னியுங்கள்' என்று ஒரு வார்த்தை. அதற்குப் பதிலாக 'களைத்துப் போயிருப்பீர்கள்' என்ற பொருளில் ஒத்ஸுகாரெசாமா. பாடப்புத்தகத்தில் முதல் பக்கத்தில் படிக்கும் 'ஸாயோநாரா'வை வேலையிடத்தில் நான் கேட்டதே இல்லை. இந்த வார்த்தைகளைச் சொல்லாமல் விட்டால் யாரும் கோபிக்கமாட்டார்கள். ஆனால் மனதில் குறித்துக்கொள்வார்கள்.

இப்படிச் சொல்வதன் அருமை எனக்கு ஒரு சக்கர நாற்காலியில்தான் விளங்கியது. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது வாரம். தொண்ணூறு வயதைத் தாண்டிய ஓர் அம்மாவைச் சாப்பாட்டு மேசைக்குக் கூட்டிப்போக வேண்டும். பின்னால் போய் பிரேக்கை எடுத்துவிட்டுத் தள்ளினேன். அவர் இரண்டு கையாலும் நாற்காலியின் பிடியை இறுக்கிப் பிடித்தார். விரல் முட்டிகள் வெளுத்துப்போயின. கத்தவில்லை, ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே விறைத்துப்போய் இருந்தார்.

மூத்த பணியாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். அங்கே வைத்து ஏசவில்லை. மாலையில் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அதே நாற்காலியில் உட்காரச் சொன்னார். கண்ணை மூடச் சொன்னார். ஒரு சத்தமும் இல்லாமல் திடீரென்று தள்ளினார். எனக்கு வயிற்றில் ஏதோ அறுந்து விழுந்த மாதிரி இருந்தது. பிறகு முன்னால் வந்து, முழங்காலிட்டு, என் கண் உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து, "இப்போது சாப்பாட்டு மேசைக்குப் போகலாமா? நாற்காலியை நகர்த்துகிறேன்" என்று சொல்லித் தள்ளினார். அதே நாற்காலி, அதே தூரம். உடம்பு பயப்படவில்லை.

இதற்கு அங்கே 'கொயெகாகெ' என்று பெயர். குரல் கொடுப்பது. போர்வையை விலக்கும் முன், கையைத் தொடும் முன், கரண்டியை வாயருகே கொண்டுபோகும் முன், தண்ணீர் ஊற்றும் முன் சொல்ல வேண்டும். நினைவு தப்பியவர்களுக்கும் சொல்ல வேண்டும். குளிக்க வைக்கும்போது, தண்ணீரின் சூட்டை முதலில் நம் கையில் பார்த்து, பிறகு "காலில் ஊற்றுகிறேன்" என்று சொல்லி, காலில் தொடங்கி மெல்ல மேலே வர வேண்டும். உடம்பை நன்றாகத் தேய்த்துக் கழுவிய பிறகுதான் தொட்டியில் இறங்குவார்கள். வீடுகளில் அந்த ஒரே தண்ணீரில்தான் குடும்பமே ஒருவர் பின் ஒருவராக இறங்கும். அடுத்தவருக்காகத் தண்ணீர் தெளிவாக இருக்க வேண்டும். அழுக்குப் போக்கத் தொட்டிக்குள் இறங்கிவிடாதீர்கள்.

முறை சொல்லிக் கூப்பிடுவதும் கவனிக்க வேண்டிய ஒன்று. நம் ஊரில் வயதானவரைப் பாட்டி, ஆச்சி என்று கூப்பிட்டால் அது பாசம். பராமரிப்பு இல்லத்தில் அவர்களைக் குடும்பப் பெயரோடு 'ஸான்' சேர்த்துத்தான் அழைக்க வேண்டும். அவர் ஒரு காலத்தில் ஆசிரியையாகவோ கடைக்காரராகவோ தன் பெயரோடு வாழ்ந்த மனிதர், படுக்கையில் விழுந்ததும் எல்லோருக்கும் பாட்டியாகிவிடக்கூடாது என்று எனக்கு விளக்கம் சொன்னார்கள். எனக்கு அது நெஞ்சில் தைத்தது. எங்கள் தோட்டத்து ஆச்சிகள் எத்தனை பேருடைய பெயர் எனக்குத் தெரியும் என்று அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். மூன்று பேருக்கு மேல் தெரியவில்லை.

வேலையில் சிரமம் தருகிற ஒரு பழக்கம், 'இல்லை' என்று நேராகச் சொல்லாதது. "ச்சொத்தோ..." என்று இழுத்து நிறுத்தினால் முடியாது என்று பொருள். 'ஹாய்' என்பது பல நேரம் சம்மதம் இல்லை. 'கேட்டுக்கொண்டிருக்கிறேன்' என்பது மட்டும்தான். நாமும் விளங்காமலே 'ஹாய், ஹாய்' என்று தலையாட்டினால் வில்லங்கம் அங்கேதான் தொடங்கும். ஒருநாள் ஒருவர் குடித்த தண்ணீரின் அளவைப் பதிவில் எழுத மறந்துவிட்டேன். ஏச்சு விழும் என்று பயந்து அடுத்த நாள்வரை வாய் திறக்கவில்லை. அவர்களுக்கு மறந்தது பெரிதாகப் படவில்லை, சொல்லாமல் இருந்ததுதான் பெரிதாகப் பட்டது. 'ஹோரென்ஸோ' என்பார்கள்: தெரிவி, தகவல் கொடு, கலந்து பேசு. இவற்றுக்கான மூன்று ஜப்பானியச் சொற்களின் முதல் ஒலிகளைச் சேர்த்தால் பசளிக்கீரைக்கு அங்கே வழங்கும் பெயர் வரும், அதனால் யாரும் மறப்பதில்லை. காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்களத்தில் தோட்டத் துரை முன்னால் வாய் திறக்காமல் நிற்பதைப் பார்த்து வளர்ந்த நமக்கு, தவறைத் தானாகப் போய்ச் சொல்வது லேசில் வராது. பழகிக்கொள்ளுங்கள். சிறு தவறை அன்றைக்கே சொன்னவரை அவர்கள் நம்புகிறார்கள்.

செருப்பைப் பற்றி நமக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கழற்றியதைத் திருப்பி, முனை வாசலைப் பார்க்கும்படி வையுங்கள். கழிவறைக்கென்று தனிச் செருப்பு உண்டு, அதோடு வெளியே வராதீர்கள். பாய் விரித்த அறைக்குள் எந்தச் செருப்பும் ஆகாது. குப்பைக்கு ஊருக்கு ஊர் அட்டவணை. எரிக்கக் கூடியது ஒரு நாள், போத்தல் வேறொரு நாள். போத்தலின் மூடியையும் மேலுறையையும் தனியே எடுக்க வேண்டும். தவறாகப் போட்டால் ஒட்டுத்தாள் ஒட்டி விட்டுப்போவார்கள். முதல் மாதம் அட்டவணையைப் படமெடுத்துப் போனில் வைத்துக்கொள்ளுங்கள்.

சோற்றில் சாப்பிடும் குச்சியைச் செங்குத்தாக நடாதீர்கள், அது இறந்தவருக்குப் படைக்கும் முறை. குச்சியிலிருந்து குச்சிக்கு உணவை வாங்காதீர்கள், தகனம் முடிந்து எலும்பு எடுப்பது அப்படித்தான். விடுதியில் என் படுக்கையை ஜன்னலுக்காகத் திருப்பிப் போட்டபோது, மேற்பார்வையாளர் பதறிப்போய்த் திரும்ப மாற்றச் சொன்னார். வடக்கே தலை வரும், இறந்தவரைத்தான் அப்படிக் கிடத்துவார்கள் என்றார். வடக்கே தலை வைக்காதே என்று என் அம்மா சொல்வதை அவருக்குச் சொன்னேன். இருவருமாகக் கட்டிலைத் தூக்கினோம்.

சமையலில் எனக்குக் கிடைத்த ஆறுதல் கத்ஸுவோபுஷி. சூரை மீனை அவித்து, புகையில் காயவைத்து, கட்டை மாதிரி ஆக்கிச் சீவி எடுக்கிறார்கள். முகர்ந்தபோது வீட்டு மாசி டப்பாவைத் திறந்த வாசம். நம் மாசியும் அதே மீன், கிட்டத்தட்ட அதே பக்குவம். அவர்கள் உயர்ந்த வகைக்குப் பூஞ்சை பிடிக்கவைத்து மேலும் பதப்படுத்துகிறார்கள். வெங்காயமும் மிளகாய்த்தூளும் தேசிக்காயும் சேர்த்து அந்தச் சீவலில் சம்பல் போட்டேன். குறையே சொல்ல முடியாது.

ஷிஸுவோகா தேயிலை மாகாணம் என்பது போன பிறகுதான் தெரிந்தது. பஸ் ஜன்னலில் முதல் தோட்டத்தைப் பார்த்தபோது எங்கள் ஊரில் மடுல்கலைப் பக்கம் போகிற மாதிரி இருந்தது. கிட்டப் போனால் வேறு. செடி நிரை நிரையாக, வளைந்த முதுகு மாதிரி வெட்டி நிற்கிறது. நடுநடுவே கம்பத்தில் மின்விசிறி. பனி விழும் இரவில் மேலே இருக்கும் சூடான காற்றைக் கீழே தள்ளி, துளிரைக் காப்பாற்றுகிறது. இரண்டு பேர் நிரைக்கு இரு புறமும் நின்று இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார்கள், கொழுந்து பைக்குள் போய் விழுகிறது. வசந்தம் பிறந்ததாக அவர்கள் கணக்கிடும் நாளிலிருந்து 88ஆவது நாள், மே மாதத் தொடக்கத்தில், முதல் கொழுந்துக்குப் பேர்போன நாள். நாம் வாடவைத்து, அரைத்து, நிறம் மாறவிட்டுக் கறுப்புத் தேயிலை ஆக்குகிறோம். அவர்கள் பறித்த கையோடு ஆவியில் அவித்துப் பச்சையாகவே நிறுத்திவிடுகிறார்கள்.

இல்லத்தில் இருந்த ஒரு முதியவர் தேயிலைக்காரர், சொந்தத் தோட்டம் வைத்திருந்தவர். என் அம்மா கொழுந்து பறிப்பவர் என்று சொன்னதும் என் கையை வாங்கிப் பார்த்தார். "அம்மா கையால் பறிக்கிறாரா? எவ்வளவு நேரம்?" என்று கேட்டார். காலை முதல் மாலை வரை, கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான் என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். பேசாமல் இருந்தார். அடுத்த நாள் தேநீர் கொடுத்தபோது குவளையை இரண்டு கையாலும் ஏந்தி, என்னைப் பார்த்துத் தலை குனிந்து, "அம்மாவுக்கு" என்றார். இரண்டு தலைமுறை எங்கள் ஊர் மலையில் உழைத்தும், கொழுந்து பறித்ததற்காக எங்கள் வீட்டில் யாருக்கும் யாரும் தலை வணங்கி நான் பார்த்ததில்லை.

இப்போது ஒரு மாத லீவில் ஊருக்கு வந்திருக்கிறேன். திரும்பிப் போகும்போது வேலையிடத்தில் எல்லோருக்கும் ஏதாவது கொண்டுபோக வேண்டும், அதுவும் வழக்கம். தலையை எண்ணி, ஆளுக்கு ஒன்றாகத் தனித்தனியே சுற்றியது நல்லது. நான் நம் தேயிலையைச் சின்னச் சின்னப் பைக்கற்றில் வாங்கி வைத்திருக்கிறேன். மாலையில் ஐந்து பிள்ளைகள் என்னிடம் ஜப்பானிய மொழி படிக்க வருகிறார்கள். பணம் கட்டும் முன் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் ஏஜென்சியின் அனுமதியைச் சரிபாருங்கள் என்பதையும், இந்த வேலை விசாவில் குடும்பத்தைக் கூட்டிப்போக முடியாது என்பதையும் அவர்களுக்கு முதல் நாளே சொல்லிவிட்டேன்.

வீட்டுப்பாடம் ஒன்று கொடுத்தேன். வகுப்புக்குக் கிளம்பும்போது வீட்டில் இருப்பவர்களிடம் இத்தெகிமஸ் சொல்லிவிட்டு வர வேண்டும். அடுத்த நாள் ஒரு பிள்ளையைக் கூட்டிவர அவள் வீட்டு வாசலில் நின்றேன். அவள் படியில் நின்று, கொஞ்சம் வெட்கத்தோடு, உள்ளே பார்த்துச் சொன்னாள். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அவள் அம்மா என்ன மொழி என்று கேட்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்காமல், "சரிம்மா, போயிட்டு வா" என்றார்.

ஜப்பானில் இத்தெகிமஸுக்குச் சொல்லும் பதில் இத்தெராஷ்ஷாய். அதற்கும் அதுதான் பொருள்.