புவிவெப்பமும் பொறுப்புணர்வும்

முன்னுரை

இறைக்க இறைக்கக் கிணறு ஊறும் என்பர் நம் முன்னோர். ஊறும் அளவை மிஞ்சி இறைத்தால் அது வற்றும் என்பதையும் உழவர் அறிவர். புவியின் ஆழத்தில் உறையும் வெப்பத்திற்கும் இவ்விதி பொருந்துமா? ஐஸ்லாந்தின் தலைநகரான ரெய்க்யவிக்கின் பட்டறிவைக் கொண்டு இதனை ஈண்டு ஆராய்வோம்.

ஊற்றும் நகரும்

ரெய்க்யவிக் என்னும் பெயருக்குப் 'புகை விரிகுடா' என்பது பொருள். வெந்நீரூற்றின் ஆவியே அப்புகை எனக் கருதுவர். 1930ஆம் ஆண்டு ஏறத்தாழ 3 கி.மீ. நீளக் குழாய் வழியே வெந்நீர் கொணர்ந்து, ஒரு பள்ளியையும் சில பத்து வீடுகளையும் வெப்பமூட்டினர். அன்று நகரை மூடியிருந்தது நிலக்கரிப் புகை. இன்று அந்நாட்டு வீடுகளுள் பத்தில் ஒன்பது புவிவெப்பத்தால் குளிர் நீங்குகின்றன. தலைநகரில் இப்பணியை ஆற்றுவது, 1999இல் உருவாகி, பெரும்பங்கு மாநகராட்சிக்கே உரியதாய் விளங்கும் ரெய்க்யவிக் எரிசக்திக் குழுமமாகும்.

மூன்று உரைகற்கள்

இத்தகைய நிறுவனத்தின் நிலைபேற்றை மூன்று உரைகற்களில் உரைத்துப் பார்த்தல் தகும்.

முதலாவது, ஊற்று. ஆழ்கிணறுகளில் இயந்திரங்கள் கொண்டு மிகுதியாக இறைத்தபோது நிலத்தடி வெந்நீர் மட்டம் தாழ்ந்தது. 1990இல் நெஸ்யாவெட்லிர் என்னுமிடத்திலிருந்து 27 கி.மீ. குழாய் வழியே வெந்நீர் வரத் தொடங்கியது. பழைய வயல்களில் இறைப்பு குறைந்தது; நீர்மட்டம் மீண்டும் உயர்ந்தது. ஓய்வு பெற்ற ஊற்றே உயிர் பெற்றது எனலாம்.

இரண்டாவது, சூழல். நீராவியுடன் கரியமில வாயுவும் கந்தக வாயுவும் வெளிப்படும். 2006இல் இயங்கத் தொடங்கிய ஹெட்லிஸ்ஹெய்தி மின்நிலையத்தில், கரியமில வாயுவை நீரில் கரைத்து எரிமலைப் பாறையினுள் செலுத்தினர். அதில் 95 விழுக்காட்டுக்கு மேல் இரண்டாண்டுகளுக்குள் கல்லாயிற்று என 2016இல் அறிவியலார் வெளியிட்டனர். எனினும், பயன்படுத்திய நீரை மீண்டும் நிலத்துள் செலுத்தியதால் 2011இல் அப்பகுதியில் நிலநடுக்கங்கள் நேர்ந்தன. நன்மைக்கும் விலையுண்டு என்பதை இது உணர்த்துகிறது.

மூன்றாவது, பொருள். இக்குழுமம் அயல்நாட்டுப் பணத்தில் பெருங்கடன் பெற்றிருந்தது. 2008இல் ஐஸ்லாந்தின் நாணய மதிப்பு வீழவே கடன்சுமை பெருகியது. கட்டணம் உயர்ந்தது, பணியாளர் குறைக்கப்பட்டனர், உரிமையுடைய நகராட்சிகளே கடன் தந்து தாங்க நேர்ந்தது. ஊற்று வற்றாமலே நிறுவனம் வற்றக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

முடிவுரை

புதுப்பிக்கத்தக்கது என்ற பெயர் ஒன்றே எந்த வளத்தையும் நிலைபேறுடையது ஆக்கிவிடாது. அளந்து எடுத்தல், எடுத்ததைத் திருப்புதல், தாங்கும் அளவே கடன்படல் ஆகிய மூன்றுமே அதனை நிலைக்கச் செய்யும். இறைவன் அருளிய வளங்கள் யாவும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். வீண்விரயம் அதற்குச் செய்யும் துரோகம். ஒரு நிறுவனம் எவ்வளவு ஈட்டியது என்பதோடு, அடுத்த தலைமுறைக்கு எவ்வளவு விட்டுவைத்தது என்பதையும் கேட்கும் வழக்கத்தை மாணவ மணிகள் மேற்கொள்வார்களாக!