இரண்டாவது பூனைக்கு முதலில் ஒரு கதவு

வீட்டுக்குள்ளேயே வளரும் பூனை நாளெல்லாம் தூங்குவதைப் பார்த்து, துணையில்லாமல் ஏங்குகிறது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். வளர்ந்த பூனை ஒரு நாளில் பாதிக்கு மேல் தூங்குவது இயல்பு. அதன் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை தனித்து வேட்டையாடும் விலங்கு. மீன் கடையோரம் பூனைகள் கூட்டமாகத் திரிகின்றனவே என்று கேட்கலாம். அவை பெரும்பாலும் தாய், மகள் என்ற உறவுக் கூட்டம். பிடிக்காதது விலகிப் போக அங்கே தெரு இருக்கிறது. சேலத்து இரண்டு அறை வாடகை வீட்டில் அது கிடையாது.

அதனால், துணைக்கென்று மீட்டு வந்த இரண்டாவது பூனையை இரண்டு வாரமாவது தனியறையில் வையுங்கள். மொட்டை மாடித் தகரக் கொட்டகை வேண்டாம். சித்திரையில் அது அடுப்பு. பிரித்து வைப்பது சண்டையைத் தவிர்க்க மட்டுமல்ல. பூனைகளைக் கொல்லும் பான்லூக்கோபீனியா கிருமி தொற்றிய பிறகும் சில நாள் அறிகுறி தெரியாது. கிண்ணத்திலும் செருப்பிலும் மாதக்கணக்கில் தங்கும். தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை பற்றி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் கேளுங்கள். அது கோழிகளுக்கு மட்டுமானதல்ல. பிறகு படுக்கைத் துணிகளை மாற்றிப் போட்டு வாசனை பழக்கி, மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு வைத்து, மெல்லத் திறக்கலாம். “பூனைக்கு இவ்வளவு உபசாரமா?” என்பார்கள். முதல் நாளே கடித்துக்கொண்டால் சமாதானத்துக்கு மாதங்கள் ஆகும். இரண்டு பூனைக்கு மணல் தட்டு மூன்று, வெவ்வேறு மூலைகளில். பழையது முதுமை எய்தியிருந்தால், துள்ளும் குட்டியைவிட அமைதியான வளர்ந்த பூனையே பொருந்தும்.